சிஷோம் கட்டியதும் கட்டாததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மெரினாவை ஒட்டிய பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. பாதிக்கு மேல் ராபர்ட் சிஷோம் என்ற ஒரே ஆளைச் சுற்றித்தான் வரும். வெயிலில் நின்று திரும்பத் திரும்பச் சொல்வதை விட ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

யார் இந்த சிஷோம்? சுருக்கமா சொல்லுங்க.

முழுப்பெயர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். 1840-இல் பிறந்தவர், 1915-இல் இறந்தவர். 1865-இல் மெட்ராஸ் வந்து, மாகாண அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞராக இருபது ஆண்டு வேலை பார்த்தார். மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், கடற்கரைப் பக்கத்துத் தலைமை அஞ்சலகம், சென்ட்ரல் அருகிலுள்ள விக்டோரியா பப்ளிக் ஹால், திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியம் எல்லாம் அவர் வரைந்தவை. அண்ணா சாலையில் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடைக் கட்டடமும் அவருடையதுதான்.

பேரை எப்படிச் சொல்றது? சிஸ்ஹோல்மா, சிசோலமா?

ஆங்கில எழுத்தில் நடுவே ஓர் ‘எல்’ இருக்கிறது. அது வாயில் வராது. ஆங்கிலேயர்கள் கிட்டத்தட்ட ‘சிஸம்’ என்றே முடித்துவிடுவார்கள். தமிழில் அப்படி எழுதினால் யாருக்கும் பிடிபடாது என்பதால் நான் சிஷோம் என்கிறேன். நீங்கள் வேறு மாதிரி சொன்னாலும் கட்டடம் கோபித்துக்கொள்ளாது.

ராணுவ இன்ஜினியரா? அந்தக் காலத்துல அவங்கதானே எல்லாம் கட்டினாங்க?

பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் இவர் ராணுவக்காரர் இல்லை. கல்கத்தா பக்கம் பொதுப்பணித்துறையில் இருந்தார். 1864-இல் மெட்ராஸ் அரசு, மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் வரைபடம் கேட்டுப் போட்டி அறிவித்தது. சிஷோமின் வரைபடம் ஜெயித்தது. வேலையை நடத்த அவரையே இங்கே வரவழைத்தார்கள். அப்போது வயது 25.

இது சின்ன விஷயம் இல்லை. பாலமும் பாசறையும் கட்டிப் பழகியவர்கள் அளவுப்புத்தகத்தைப் பார்த்துக் கல்லூரி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கட்டடக் கலையையே தொழிலாகக் கொண்ட ஒருவரை அரசு கூப்பிட்டு உட்கார வைத்தது, இந்த ஊரைப் பொறுத்தவரை ஒரு திருப்பம்.

மாநிலக் கல்லூரியும் செனட் ஹவுஸும் ஒரே ஆள் கட்டினதுன்னா நம்ப முடியலையே?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நிறத்தை மறந்துவிட்டு உருவத்தைப் பாருங்கள். மாநிலக் கல்லூரி 1870-இல் திறந்தது. ஒழுங்கான வளைவுகள், அடக்கமான மாடங்கள், இத்தாலியில் ஒரு மாளிகையைப் பெயர்த்து வந்து வைத்தது போன்ற அமைதி. மேலே தெரியும் கடிகாரக் குவிமாடத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 1940-இல் சேர்த்தது. பேராசிரியர் ஃபைசன் பெயரால் வழங்குவது.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் வடக்கே நடந்தால் செனட் ஹவுஸ். 1874-இல் தொடங்கி 1879-இல் முடித்தார்கள். நான்கு மூலையிலும் வெங்காய முடி வைத்த கோபுரங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், பைசாந்திய (பழைய கிழக்கு ரோமப் பேரரசின் பாணி) வளைவுகள். முகப்பு மண்டபத்துக் கல்தூண்களின் தலைப்பில் அரசர்களும் தெய்வங்களும். முதல் தடவை பார்க்கிறவர்கள் முன்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் அவர்களைத் தூணுக்கு அடியில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். லண்டனில் வரைந்து கப்பலில் அனுப்பிய வேலை இல்லை அது என்பது அங்கே நின்றால் தெரியும். கோயில் தூண் செதுக்கிப் பழகிய கை அது.

சரி, நடுவுல அவருக்கு என்ன ஆச்சு?

ஊரைச் சுற்றிப் பார்த்தார். சும்மா இல்லை, வேலையே அப்படி அமைந்தது. 1866 முதல் 1872 வரை இங்கே கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவுக்குக் கட்டடங்களில் பைத்தியம். (கூவம் கடலில் சேரும் இடத்துப் பாலத்துக்குப் பெயர் கொடுத்தவரும் இவரே.) இந்தியாவில் கட்டும் பொதுக் கட்டடங்கள் ஐரோப்பியக் கட்டடங்களை நகல் எடுக்கக் கூடாது, இங்குள்ள வளைவும் குவிமாடமும் கொண்ட மரபிலிருந்து எடுக்க வேண்டும் என்று 1870-இல் ஓர் உரையே நிகழ்த்தினார். மதுரையில் சிதிலமாகிக் கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் சீர்ப்படுத்தப் பணம் ஒதுக்கியவரும் அவர்தான். வேலையைப் பார்த்துக்கொள்ள சிஷோமை அனுப்பினார்.

அந்த மகாலுக்குப் போயிருப்பீர்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத தூண்கள், மேலே சுதை வேலை, வானத்தில் தொங்குவது போன்ற மாடம். எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து இங்குள்ளவர்கள் எதுவரை போயிருக்கிறார்கள் என்பதை, இடிந்ததை எடுத்துக்கட்டும் வேலையில்தான் ஒருவர் சரியாகத் தெரிந்துகொள்ள முடியும். சேப்பாக்கம் அரண்மனையிலும் அதே பாடம். அதன்பின் திருவனந்தபுரம் போய் மர வேலைப்பாட்டைப் பார்த்தார். இந்த மூன்றும் சேராமல் செனட் ஹவுஸ் வந்திருக்காது என்பது என் கணிப்பு. நேப்பியர் ஒருவரே மாற்றிவிட்டார் என்று சொல்கிறவர்களும் உண்டு. மேலதிகாரி சொன்னதற்காக ஒரு மனிதர் தூண் தலைப்பு வரைக்கும் மெனக்கெடுவாரா?

சேப்பாக்கம் அரண்மனையை அவர்தானே கட்டினார்?

இல்லை. அது 1768-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காகக் கட்டியது. பால் பென்ஃபீல்ட் கட்டினார் என்பது வழக்கமாகச் சொல்வது. சிஷோம் பிறப்பதற்கு எழுபது வருஷத்துக்கு மேல் முன்னால். 1855-இல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்ததும், கம்பெனி அரசு பட்டத்தை ஒழித்து அரண்மனையையும் எடுத்துக்கொண்டது.

உள்ளே இரண்டு தனித்தனிக் கட்டடங்கள்: கலஸ் மகால், ஹுமாயூன் மகால். இரண்டுக்கும் நடுவே நிற்கும் செங்கல் கோபுரம்தான் சிஷோமுடையது. பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிப்போக வேண்டும் என்று பார்த்துச் செய்ததால், அது பின்னால் வந்தது என்றே பலருக்குத் தெரிவதில்லை. 2012 ஜனவரியில் கலஸ் மகால் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பிறகு பழைய முறைப்படியே சுண்ணாம்பு வைத்துப் பொதுப்பணித்துறை மீட்டுக்கட்டியது.

அரண்மனை போன பிறகு நவாப் குடும்பம் எங்கே போனது என்றும் கேட்பார்கள். ராயப்பேட்டை அமீர் மகால். அலுவலகமாக இருந்த அதை ஆற்காடு இளவரசரின் மாளிகையாக மாற்றித் தந்தவரும் சிஷோமே. குடும்பம் 1876-இல் அங்கே குடிபோனது. அரசு பறித்த வீட்டுக்குக் கோபுரம் வைத்தவரே பறிகொடுத்தவர்களுக்கு வீடும் அமைத்திருக்கிறார்.

இந்தோ-சாரசெனிக்னா என்ன? கோயில் மாதிரியா, மசூதி மாதிரியா?

இரண்டும் இல்லை, ஆனால் இரண்டிலிருந்தும் எடுத்தது. ‘சாரசென்’ என்பது முஸ்லிம்களைக் குறிக்க ஐரோப்பியர் வைத்த பழைய சொல். உள்ளே இருப்பது ஐரோப்பியத் திட்டம்: பெரிய மண்டபம், அலுவலக அறைகள், மாடிப்படி. வெளியே இந்திய இஸ்லாமியக் கட்டடங்களின் வளைவு, குவிமாடம், சின்னச் சின்ன மாடங்கள். கோயில் பாணியை ஏன் முழுதாக எடுக்கவில்லை என்றால், தூண்மேல் கல் உத்தரம் போடும் முறையில் நடுவே தூணே இல்லாத பெரிய மண்டபம் கட்ட முடியாது. வளைவும் குவிமாடமும் அதற்கு இடம் கொடுக்கும். முகலாயருக்கு அடுத்த வாரிசு நாங்கள்தான் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் ஆட்சியாளர்களுக்கு இருந்தது.

சிஷோமிடம் வித்தியாசம் என்னவென்றால், அவர் வடக்கிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. கேரளக் கூரை, தென்னாட்டுத் தூண் வேலை இரண்டையும் உள்ளே கொண்டுவந்தார். பாணிக்கு ஒரே பெயர் வைத்துவிட்டதால் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகிறது.

ஐகோர்ட்டும் அவர்தானே? அதுவும் சிவப்பாத்தானே இருக்கு?

சிவப்பு என்பது செங்கல்லின் நிறம், சிஷோமின் கையெழுத்து இல்லை! உயர் நீதிமன்றத்துக்கு முதல் திட்டம் போட்டவர் பிராசிங்டன். அதை விரித்து முடித்தவர் ஹென்றி இர்வின். 1892-இல் திறந்தார்கள். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையை முடித்துவிட்டு மெட்ராஸ் வந்தவர் இர்வின். சிஷோமுக்குப் பின் அதே ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்தவர். சட்டக் கல்லூரி, எழும்பூர் மியூசியம் வளாகத்தில் இளஞ்சிவப்பாக நிற்கும் ஓவியக் கூடம், மைசூர் அரண்மனை எல்லாம் அவர் கணக்கு.

முன்பு ஒரு நடையில் நானே உயர் நீதிமன்றத்தை சிஷோம் தலையில் கட்டிவிட்டேன். கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பெரியவர் ஒருவர் கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் வந்து, டீ குடிக்கும்போது மெதுவாக, “தம்பி, அது இர்வின்” என்றார். அன்றிலிருந்துதான் இந்தப் பட்டியலைச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

ரிப்பன் மாளிகை?

இல்லை. ஹாரிஸ் வரைந்தது, லோகநாத முதலியார் கட்டியது, 1913-இல் முடிந்தது. வெள்ளை நிறம், ஐரோப்பியச் செவ்வியல் பாணி. அதற்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா ஹால்தான் சிஷோம்.

அப்ப சென்ட்ரல் ஸ்டேஷன்?

பாதி. 1873-இல் திறந்த நிலையத்தின் அடிப்படைத் திட்டம் ஜார்ஜ் ஹார்டிங்குடையது. பிறகு நடுவில் கடிகாரக் கோபுரத்தையும் மற்றக் கோபுரங்களுக்கு முடியையும் சேர்த்தது சிஷோமின் திட்டம். எல்லாம் முடிய 1900 ஆகிவிட்டது.

கோபுரத்துக்கு மேல கேரளத் தொப்பி மாதிரி இருக்கே, சென்னையில அது எதுக்கு?

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். விக்டோரியா ஹாலின் சதுரக் கோபுரத்தைப் பாருங்கள். உடம்பு இத்தாலி, தலையில் திருவிதாங்கூர்க் கூரை. சென்ட்ரலிலும் அந்தச் சாயல் உண்டு. திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம் கட்டியபோது பிடித்துப்போனதை அவர் மறக்கவே இல்லை. மழை தங்காமல் வழியச் செய்யும் கூம்புக் கூரை அது. சென்னைக்கு அவ்வளவு மழை கிடையாது என்பதால் இங்கே அது வேலைக்கு இல்லை, அழகுக்குத்தான். கொஞ்சம் விளையாட்டும் கூட என்று எனக்குத் தோன்றும்.

நேப்பியர் மியூசியத்துல ஏசி இல்லாமலேயே குளுகுளுன்னு இருக்காமே, நெஜமா?

குளுகுளு என்பது மிகை. ஆனால் வெளியிலிருந்து உள்ளே நுழைந்ததும் உடம்பு வித்தியாசத்தை உணரும். உயரமான கூரை, இரட்டைச் சுவர், சூடான காற்று மேலேறி வெளியேற வழி. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, கேரள வீடுகளில் ஏற்கனவே இருந்த அறிவுதான்.

அங்கு ஏற்கனவே இருந்த பழைய மியூசியத்தை 1874-இல் இடித்துவிட்டு, 1880-இல் இதை முடித்தார்கள். சரிந்த கூரைகளின் முகப்பில் மரச் செதுக்கு, சுவரில் பல நிறச் செங்கல் கோலம். அவருடைய கட்டடங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் சென்னையை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். சென்னை நண்பர்கள் மன்னிக்கவும்.

அவர் வரைஞ்சார், சரி. கட்டினது யாரு?

கொத்தனார், தச்சர், கல்தச்சர், சித்தாள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஒப்பந்தக்காரர்களில் நிலைத்த பெயர் நம்பெருமாள் செட்டி. விக்டோரியா ஹாலை எழுப்பியவர் அவர். பின்னால் இர்வின் வரைந்த உயர் நீதிமன்றமும் அவர் வேலைதான். கணித மேதை ராமானுஜன் 1920-இல் கண்மூடியது சேத்துப்பட்டில் இந்தச் செட்டியாருக்குச் சொந்தமான வீடு ஒன்றில்.

சிஷோம் 1877 முதல் சில ஆண்டுகள், எழும்பூர்ப் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஓவியப் பள்ளியை நடத்தினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கியது. மண்பாண்டம், மர வேலை, உலோக வேலை சொல்லிக்கொடுத்த இடம். கட்டடத்துக்கு வேண்டிய அலங்கார வேலையையும் அதைச் செய்யும் ஆளையும் ஒரே தலைமையில் வைத்திருந்தது அவருக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு கலந்தாங்களாமே, கதையா?

கதை இல்லை, ஆனால் எல்லாச் சுவருக்கும் இல்லை. பளிங்கு மாதிரி மின்னும் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ மேல்பூச்சுக்கு மட்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை மை போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று சேர்த்து, பூசிய பின் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். சாதாரணக் கட்டு வேலைக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும். இன்றைக்கும் பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கும் இடத்துக்குப் போனால் தொட்டியில் கடுக்காய் ஊறும் வாடை வரும். அங்கே சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தால் கவலைப்படுங்கள். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், பழைய செங்கல் பொரிந்து கொட்டும்.

ஊட்டியிலயும் ஏதோ கட்டியிருக்காராமே?

ஆமாம். நீலகிரி நூலகமும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் பழைய கட்டடமும். இரண்டும் ஆரம்ப கால வேலை, ஐரோப்பிய மனசோடு செய்தவை. அந்தக் குளிருக்குப் பொருந்துகிறது.

பரோடா அரண்மனையைக் கட்டினவர் தற்கொலை பண்ணிக்கிட்டாராமே, அது இவரா?

இல்லை. லட்சுமி விலாஸ் அரண்மனையை வரைந்தவர் சார்லஸ் மான்ட். 1881-இல் இறந்தார். கணக்குத் தப்பாகி அரண்மனை இடிந்து விழும் என்ற பயத்தில் உயிரை விட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. கட்டடம் இன்றும் அசையாமல் நிற்கிறது. மான்ட் விட்ட இடத்திலிருந்து எடுத்து 1890-இல் முடித்தவர் சிஷோம்.

பரோடாக் கல்லூரியும் அவருடையது. அதன் பெரிய குவிமாடத்துக்கு முன்னோடி பிஜாப்பூர் கோல் கும்பாஸ். இந்தியக் கொத்தனார்கள் குவிமாடம் எழுப்பும் விதத்தைப் பற்றி 1883-இல் லண்டனில் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரையே சமர்ப்பித்தார். தான் கற்றுக்கொடுத்ததைப் பற்றி இல்லை, கற்றுக்கொண்டதைப் பற்றி. அந்தக் காலத்து அதிகாரிகளிடம் இது அபூர்வம்.

கடைசியில என்ன ஆனார்?

1880-களின் பிற்பகுதியில் மெட்ராஸ் வேலையை விட்டு பரோடா போனார். ரங்கூனில் ஒரு பெரிய தேவாலயம் வரைந்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, லண்டன் ஸ்லோன் தெருப் பக்கம் ஒரு தேவாலயம் கட்டினார். அதில் பைசாந்திய வளைவுகளைப் பார்க்கலாம். இப்போது அது காடகன் ஹால் என்ற இசை அரங்கம்.

வெள்ளைக்காரன் நம்ம காசுல கட்டினதை ஏன் கொண்டாடறீங்க?

நியாயமான கேள்வி. முதல் பதிலில் கொடுத்த கட்டடங்களில் பல, மாகாண வருவாயில், அதாவது நிலவரி கட்டியவன் காசில் எழுந்தவை. செனட் ஹவுஸ் கட்டிய ஆண்டுகளை மேலே சொன்னேன்: 1874 முதல் 1879. நடுவே 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். பஞ்ச நிவாரணக் கூலிக்கு ஆட்களை வைத்து, நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து பக்கிங்காம் கால்வாயை வெட்டினார்கள். அது சேப்பாக்கத்தின் பின்பக்கமாகத்தான் போகிறது. முன்பக்கம் வண்ணக் கண்ணாடி பொருத்திய வருஷங்களிலேயே பின்பக்கம் பசித்தவர்கள் மண் சுமந்திருக்கிறார்கள்.

நடையில் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சிலருக்கு முகம் வாடும். கட்டடம் நன்றாக இருக்கிறது என்பதும் உண்மை, இதுவும் உண்மை. எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியும்.

ஒரு காலை மட்டும்தான் நேரம் இருக்கு. எப்படிப் பார்க்கலாம்?

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் இறங்குங்கள். நிலையத்திலிருந்து கீழே தெரியும் சாக்கடை மாதிரியான நீர்தான் அந்தக் கால்வாய். வாலாஜா சாலை வழியாகக் கடற்கரைக்கு நடந்தால் வலப்பக்கம் அரண்மனையும் கோபுரமும். காமராஜர் சாலை முனையில் நின்றால் இடப்பக்கம் செனட் ஹவுஸ், வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி மாநிலக் கல்லூரி. முதலில் கல்லூரி, பிறகு செனட் ஹவுஸ் என்ற வரிசையில் பாருங்கள். அப்போதுதான் அவர் மாறியது தெரியும். உள்ளே போகப் பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வெளியிலிருந்தே பார்ப்பது என்றால் ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். கிழக்கு முகம் என்பதால் வெயில் நேரே செங்கல்லில் விழும், ஒன்பதுக்கு மேல் நிற்க முடியாது.